என் போனில் மட்டும் தெரிந்தது

சொல்லிவிடலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் ஆல்வினுடைய நாற்காலி. ‘ஆல்வின், போன்ல தமிழ் வரல.’ நாலே வார்த்தை. மணி பத்து ஐம்பதுதான் ஆகிறது, பரிசோதனை நிலையத்து டாக்டரம்மா வருவது பதினொன்றரைக்கு, அதைச் சரிசெய்ய அவனுக்கு இரண்டு நிமிஷம் போதும், எந்தக் கட்டத்தில் டிக் போடவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். எழுந்திருக்கத்தான் இல்லை. போனை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி. கீழே டீக்கடையில் நின்றுகொண்டு சும்மாதான் திறந்தேன். இன்று காலையில்தான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நோயாளியின் போனில் காட்டுகிற எங்கள் பக்கத்தை இணையத்தில் வெளி விலாசத்தில் ஏற்றியிருந்தார்கள், அதுவரை ஆபீஸ் வயருக்குள் மட்டும் கிடந்த சங்கதி, வெளியே எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று. மாதிரி ரிப்போர்ட் ஒரே செகண்டில் வந்தது. அந்த ஒரு செகண்டுக்குத்தானே எங்கள் முதலாளி குற்றாலிங்கம் சார் போன வாரம் ஆல்வினைக் கட்டிப்பிடித்தார். பேர், வயசு, ரத்தச் சர்க்கரை ஐம்பத்திரண்டு, எல்லாம் அழகாக நின்றன. கீழே தமிழில் வரவேண்டிய இரண்டு வரி மட்டும் தமிழாக இல்லை. தொப்பி வைத்த இங்கிலீஷ் எழுத்து, வால் முளைத்த எழுத்து, நடுவில் ஒரு பவுண்டுக் குறி, ஆச்சரியக்குறி. யாரோ கோபத்தில் கீபோர்டில் முஷ்டியால் குத்தியது போல. டீயை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன், விழுங்கவில்லை. முதலில் வந்தது பயம் இல்லை. அதை நான் எனக்காவது ஒத்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்தது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி, வெயிலில் வந்தவளுக்கு யாரோ பானைத் தண்ணீர் கொடுத்ததுபோல. அவனும் தப்பு செய்வானா. ஆண்டவனே, அவனும் தப்பு செய்வான்.

படி ஏறும்போதே காரணம் புரிந்துவிட்டது. பதினாறு படி, பத்தாவது படியில் புரிந்தது. இந்த ஆபீஸில் இருக்கிற யாருக்கும் இது தெரியவே வழியில்லை, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் சார் எழுத்து ஏற்றியிருக்கிறார். புது மெஷின் வந்தால் சந்தனம் குங்குமம் வைத்து, சிவப்புக் கயிறு கட்டிய பழைய பென் டிரைவைத் தானே செருகி, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த காலத்து நாற்பத்திரண்டு தமிழ் எழுத்துருவையும் போட்டுவிட்டு, “எழுத்து ஏத்தியாச்சு, இனி இது நம்ம மெஷினு” என்பார். நான் சேர்ந்த அன்றைக்கும் அப்படித்தான், எனக்கும் நெற்றியில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியது. டாக்டரம்மாவின் பரிசோதனை நிலையத்திலும் அவர்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்றினார், அதனால் அங்கே ரிப்போர்ட்டின் கீழே வருகிற வரியெல்லாம் இன்றைக்கும் அந்தப் பத்திரிகை எழுத்தில்தான். அந்த எழுத்து ஒரு சட்டை மாதிரி. உள்ளே இருப்பது இங்கிலீஷ், மேலே தமிழ்ச் சட்டை. சட்டையைப் பிடிஎஃபுக்குள்ளேயே மடித்து வைத்து அனுப்பினால் உலகத்தில் எந்த ப்ரவுசரும் எடுத்து மாட்டிக் காட்டும். அனுப்பாவிட்டால், வீட்டில் அதே சட்டை வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் தமிழ். ஆல்வின் சட்டையைக் கழற்றிவிட்டான். கனம் குறையும், பக்கம் சீக்கிரம் திறக்கும் என்று கழற்றினான். திறந்தது. இங்கே எல்லா மெஷினிலும் சட்டை தொங்குகிறதே, யாருக்குத் தெரியும்? போனில் பார்த்தோமே என்றால், அதுவும் பெரிய மெஷினில் ப்ரவுசரைப் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்த்ததுதான். நிஜப் போன் ஒன்று இருந்தது, பேட்டரி வீங்கி அலமாரியில் கிடக்கிறது. சாரின் கை படாத ஒரு சாதனத்தில் இந்த ரிப்போர்ட்டை முதன்முதலாகப் பார்த்தது நான்தான். நான் மட்டும்தான். இப்போதைக்கு.

நாலு மாசம். ஆல்வின் வருமுன் இந்த வேலை என் கையில் இருந்த அந்த நாலு மாசத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், பல்லிடுக்கில் சிக்கினதை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி. ஒரு ப்ரவுசரில் பக்கம் தெரியும், அடுத்ததில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம், இன்னொன்று காட்டவே காட்டாமல் ஃபைலை இறக்கி எங்கேயோ ஒளித்துவைக்கும், ஒரு வகைப் போனில் முதல் பக்கத்துக்கு மேல் நகராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழி எழுதினேன். இது முடியாவிட்டால் அது, அதுவும் முடியாவிட்டால் ‘இங்கே தொட்டு இறக்கிக்கொள்ளவும்’. நானூறு வரி ப்ரோகிராம். அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாது. இவன் வந்தான். வந்த மூன்றாம் நாளே, “ப்ரவுசர் காட்டுமா காட்டாதான்னு நாம ஏன் சார் அது வாயப் பாத்துட்டு நிக்கணும்? பக்கத்த நாமளே வரைஞ்சு காட்டிருவோம்” என்றான். பன்னிரண்டு நாள். எல்லா ப்ரவுசரிலும் ஒரே மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் நானூறு வரியும் ஒரே நீக்கலில் போனது, பக்கத்தில் குறிப்பு, ‘பழைய முறை எடுக்கப்பட்டது, நன்றி வடிவக்கா’. அந்த நன்றியை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன். கேலியாக இருந்தால் தேவலை. இல்லை, அவன் நிஜமாகவே சொல்கிறான், அதுதான் தொண்டையில் நிற்கிறது. வரைந்து காட்டலாம் என்பதை நான் முதல் மாசமே சொன்னேன். சொன்னேனா? மீட்டிங்கில், ஃபேன் சத்தத்தில், “வரைஞ்சு காட்டலாமா சார்” என்று நான் சொன்னதும், “என்னம்மா?” என்று சார் கேட்டதும், “ஒண்ணுமில்ல சார்” என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. முதல் வாக்கியம் வாய்க்கு வெளியே வந்ததா என்பது மட்டும் ஞாபகத்தில் தெளிவாக இல்லை. மனசுக்குள் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். சில நாள் ‘சொன்னேன்’ என்று தீர்ப்பு சொல்லிக்கொள்வேன், அன்றைக்கு அவனைப் பார்க்கவே பிடிக்காது. சில நாள் ‘சொல்லவில்லை’ என்று தோன்றும், அன்றைக்கு இன்னும் பிடிக்காது.

“என்ன வடிவு, டீ குடிக்கப் போயி டீ எஸ்டேட்டே வாங்கிட்டியா? இவ்வளவு நேரம்!” ரசூல், டிசைன் பார்க்கிறவன், பின்னால் இருந்து. சிரித்தேன். என் சிரிப்பு எப்போதும் தயாராக இருக்கும். “இன்னைக்கு ஆல்வினுக்குப் பட்டாபிஷேகம், தெரியும்லா? டாக்டரம்மா முன்னாலயே சொல்லப்போறாராம் சாரு. நாலு கிளைக்கும் இவன்தான் பொறுப்பாம். கேக்கு சொல்லியிருக்கு.” “ஏல, கேக்க ஏம்ல வெளிய சொன்ன” என்று உள்ளறையிலிருந்து சார். “நீங்க போன்ல சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுது சார்.” எல்லாரும் சிரித்தார்கள். ஆல்வின் காது சிவக்கச் சிரித்தான். அவனுக்குச் சிவப்பதும் நன்றாக இருக்கிறது. டாக்டரம்மாவின் நிலையத்துக்கு நாலு கிளை. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், முக்கூடல், களக்காடு. நாலுக்கும் நான் போயிருக்கிறேன், அவன் இந்த ஆபீஸில் கால் வைக்கும் முன்னால், வெயிலில், பஸ்ஸில். களக்காட்டில் ரிப்போர்ட் கொடுக்கிற அக்கா எனக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தாள். அந்த அக்காவின் பேர் அவனுக்குத் தெரியுமா? பொறுப்பு என்றால் அது. சரி, ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? அதையும்தான் நினைத்துப் பார்க்கிறேன், நினைப்பதற்கு யார் கணக்கு கேட்கப்போகிறார்கள். பதினொன்றரைக்கு டாக்டரம்மா நம் பெரிய திரையில் பார்ப்பார்கள். அது சந்தனம் வைத்த திரை. எல்லாம் தமிழில் ஜோராகத் தெரியும். கேக். பொறுப்பு. இரண்டு மணிக்கு நாலு கிளையிலும் ரிப்போர்ட் இந்த வழியில் போக ஆரம்பிக்கும். மூன்று மணிக்குள் முதல் போன் வரும், என்னய்யா இது சீனாக்காரன் பாஷையில வருது என்று. சாரின் முகம். ஆல்வினின் முகம். அந்த முகத்தைத்தான் பார்க்கவேண்டும் எனக்கு, ஒரு தடவை, வேறொன்றும் வேண்டாம், அவன் ‘தெரியல சார்’ என்று சொல்லி நான் கேட்கவேண்டும். அப்போது நான் மெதுவாக எழுந்து போய், எழுத்துருவைச் சேர்க்கணும் சார் என்பேன். இரண்டு நிமிஷம். என்ன வடிவு, நீ இருந்ததால தப்பிச்சோம். இந்த இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் சார் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்.

பதினொன்று ஐந்து. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதில் யார் யாருக்கெல்லாம் ரிப்போர்ட் போகும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அம்மாவுக்கு மேலப்பாளையம் கிளையில்தான் எடுப்போம். ரிப்போர்ட் ஃபைலாகப் போனில் வந்ததும் என்னிடம் நீட்டுவாள். நான் நம்பரை வாசிப்பேன், நூற்று நாற்பது, நூற்று எண்பத்தாறு. “நம்பர் எனக்கெதுக்குட்டி, கீழ என்ன போட்டிருக்கு, அத வாசி” என்பாள். கீழே போட்டிருப்பதுதான் ரிப்போர்ட். மற்றதெல்லாம் டாக்டருக்கு. அந்த மாதிரி ரிப்போர்ட்டில் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம், நாலு மாசம் அதையே வைத்துத்தானே சோதித்தேன். ‘சர்க்கரை மிகவும் குறைவு. உடனே இனிப்பு ஏதாவது சாப்பிட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்கவும்.’ ஐம்பத்திரண்டு என்கிற எண் ஒருத்திக்கு என்ன சொல்லும்? குறைவாகத்தானே இருக்கிறது, நல்லதுதான் என்று வேலைக்குப் போவாள். கை நடுங்கினால் வெயில் என்பாள். சீ, ஒரு மணி நேரத்தில் அப்படி யாருக்கும் ஆகாது. ஐம்பத்திரண்டெல்லாம் வாரத்துக்கு ஒருத்தருக்குத்தான் வரும். வாரத்துக்கு ஒருத்தர் என்றால் அது இன்றைக்கு இல்லை என்று யார் சொன்னது? தாத்தா ஒரு கதை சொல்வார். தண்ணிக்குப் போன ஒருத்தி முன்னால் போகிறவளுடைய குடம் ஒழுகுவதைப் பார்த்தாளாம். சொல்லலாமே என்று வாய் வரை வந்ததாம், சொல்லவில்லையாம். சொட்டு விழ விழ எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாளாம், ஊர் வரைக்கும். வீட்டுக்கு வந்து இறக்கிப் பார்த்தால் இவள் குடத்தை ரொப்பவே இல்லையாம். ‘ஊம்’ கொட்டிக்கொண்டிருந்த நான், அப்ப ஒழுகின குடத்துக்காரி என்ன தாத்தா ஆனா என்று கேட்டேன். அவ வேற தண்ணி எடுத்திருப்பா, அவளுக்கென்ன என்றார். அவளுக்கென்ன. அதுதான், அவளுக்கென்ன, அவளுக்கு எப்போதும் வேறு தண்ணீர் கிடைக்கும். எனக்கு அந்த வயசிலேயே அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது, கூடவே நடந்தவள்மேல் இல்லை.

நிழல் விழுந்தது. ஆல்வின். கையில் பாதி கடித்த பிஸ்கட். “அக்கா, போன்ல ஒரு தடவ பாத்திட்டீங்களா?” போனில் பார்ப்பது என் வேலை. என்னுடையதை எடுத்தபிறகு சார் எனக்குக் கொடுத்த வேலை, ‘நீ பாத்துச் சொல்லும்மா, அது போதும்’ என்று. அது போதும். இதோ, அவனே கேட்டுவிட்டான், இனிமேல் நாலு எட்டுகூட வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். குனிந்து நிற்கிறான், வெள்ளைச் சட்டை, அவன் அம்மா தேய்த்துக் கொடுத்தது, அவனே சொன்னான், இன்றைக்கு முக்கியமான நாள் என்று அம்மா ஜெபம் பண்ணி அனுப்பினாங்களாம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இவனால் எப்படி முடிகிறது, மனசில் இருப்பதை அப்படியே எடுத்து மேசையில் வைக்க? “பாத்திட்டிருக்கேன்” என்றேன். பாத்திட்டிருக்கேன். பொய்யில்லை. பொய்யே இல்லை, கவிழ்த்து வைத்த போனைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். “நீங்க பாத்தா போதும்க்கா, உங்க கண்ணுக்குத் தப்பாது” என்று போய்விட்டான். பிஸ்கட் துகள் ஒன்று என் கீபோர்டில். ஊதினேன், இரண்டு எழுத்துக்கு நடுவில் இறங்கிக்கொண்டது. இப்போது கூப்பிடலாம். ஆல்வின் என்று கூப்பிட்டால் திரும்புவான். ஆனால் இப்போது சொன்னால், முந்தியே ஏன் சொல்லவில்லை என்று ஆகும். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது சும்மா ஒரு சேதி. இப்போது அது சேதியோடு என்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நிமிஷமும் அது கனத்துக்கொண்டே போகிறது. பதினொன்று பதினேழு. இருபத்துநாலு. இடையில் இருந்த ஏழு நிமிஷம் எங்கே போனது? ஊதின துகளைக் குண்டூசியால் நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தெருவில் கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

டாக்டர் செண்பகவல்லி உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தார்கள். பெரிய திரையில் ரிப்போர்ட் வந்தது, ஒரு செகண்டு. “அட” என்றார்கள். ஆல்வின் பக்கத்தைத் தள்ளினான், பெரிதாக்கினான், கீழே தமிழ் வரி முத்து முத்தாக நின்றது. நான் எல்லாருக்கும் பின்னால், அலமாரியில் சாய்ந்து. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது, நான்தான் தப்பாகப் பார்த்தேனோ, டீக்கடையில் வெயில் கண்ணைக் கூசியதோ. “பிரமாதம். எங்க ஆளுங்க இதப் பெரிய திரையிலயா பாக்கப்போறாங்க? போன்ல எப்படி?” என்று கேட்டார்கள் டாக்டரம்மா. சார், “அதெல்லாம் ஆல்வின் பாத்துருவான் மேடம், நாலு கிளைக்கும் இனிமே” என்று ஆரம்பித்தார். ஆல்வின் குறுக்கே புகுந்தான். “போன் சோதன நான் இல்ல சார், வடிவக்கா. காலையிலேருந்து அவங்கதான் பாத்திட்டிருக்காங்க. அவங்க சரின்னா சரி மேடம்.” எல்லாரும் திரும்பினார்கள். இந்த ஆபீஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது இதுதான் முதல் தடவை, எனக்கு இது எவ்வளவு நாள் ஆசை. தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். கழுத்து தானாகவே அதற்குத் தயாரானது, எனக்குத் தெரிந்தது, ஆமாம் என்கிற ஆட்டம், எத்தனை வருஷப் பழக்கம். டாக்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களைத்த கண், கீழே கருவளையம், கையில் ஊசி குத்திக் குத்திப் பழகினவர்களுக்கு இருக்கிற பொறுமை. கீழ என்ன போட்டிருக்கு, அத வாசி. நான் போனைத் திறந்து மேசையில் வைத்தேன். “என் போன்ல வாசிக்க முடியல மேடம்” என்றேன்.

“இது என்னல, மந்திரமா எழுதியிருக்கு?” என்றார் சார். ஆல்வின் குனிந்து பார்த்தான். எண்ணினேன். எனக்குப் பத்துப் படி ஆனது, அவனுக்கு ஒரு மூச்சு. “எழுத்தக் கழட்டினது நான்தான் சார். கனம் குறையட்டும்னு. நம்ம மெஷின்ல எல்லாம் நீங்க ஏத்தி வச்சிருக்கீங்க, அதான் தெரியல. என் தப்பு மேடம், ரெண்டே நிமிஷம்.” உட்கார்ந்துவிட்டான். முகம் கறுக்கவில்லை. நான் ஒரு மணி நேரமாகக் காத்திருந்த முகம் அவனிடம் இல்லவே இல்லை, தப்பையும் நல்ல சட்டை மாதிரி போட்டுக்கொள்கிறான். “நல்லவேளம்மா, இப்பவே பாத்த. ரெண்டு மணிக்கு மேல பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்” என்றார்கள் டாக்டரம்மா. அங்கேயே விட்டிருக்கலாம். எல்லாரும் விட்டுவிட்டார்கள். சார்தான், கேட்கவேண்டும் என்று இல்லாமல், பேச்சுக்குப் பேச்சாக, “எப்பம்மா பாத்த?” என்றார். ‘இப்பத்தான் சார்.’ நாக்கு நுனியில் இருந்தது அது, வழவழப்பாக, எச்சில் ஊறி. நான் இப்பத்தான் என்றால் நான்தான் ஆபீஸைக் காப்பாற்றினவள். யாருக்கும் தெரியாது. ஆல்வினின் விரல் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“பத்தே முக்காலுக்கு சார்.”

சார் சுவரைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. ரசூல் என்னமோ சொல்ல வந்து நிறுத்தினான். அவன் நிறுத்தி நான் பார்த்ததில்லை. விரல் ஓடுகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. டாக்டரம்மா என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள், ரிப்போர்ட்டைப் பார்ப்பது போல, மேலேயிருந்து கீழே. திட்டினால் தேவலை என்றிருந்தது. ஆல்வினாவது திரும்பி, ஏன்க்கா என்று கேட்கட்டும், கேட்டால் நானும் ஏதாவது சொல்லி அழுவேன், அல்லது கத்துவேன், நாலு மாசம் என்று, நானூறு வரி என்று. அவன் திரும்பவில்லை. முதுகில் வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது.

“இப்பப் பாருங்கக்கா” என்றான், திரையைப் பார்த்தபடியே.

பக்கத்தை மறுபடி இழுத்துவிட்டேன். வந்தது. சர்க்கரை மிகவும் குறைவு, உடனே இனிப்பு ஏதாவது, ஒற்றுப்புள்ளி, கொம்பு, துணைக்கால், ஒன்று விடாமல். நான் முழுவதும் வாசித்தேன். வாசித்து முடித்த பிறகும், வந்துட்டு என்று அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவன், முதுகைக் காட்டிக்கொண்டு, காத்திருந்தான்.